5 மீட்டர் ட்ரஸ் இடைவெளிக்கு 60×40 பைப் பர்லின் போதுமா?

கேட்டவர்: சரிவுக்கூரை

சரக்கு வைக்கும் ஷெட் ஒன்று. அகலம் 12 மீட்டர், நீளம் 25 மீட்டர். இரு பக்கச் சரிவு, 10 டிகிரி. 5 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் 6 ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டக் கட்டமைப்பு). மேலே 0.5 மி.மீ. கலர் கோட்டட் ஷீட்.

ஃபேப்ரிகேட்டர் சொல்வது: பர்லினுக்கு (ட்ரஸ்களுக்கு மேல் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் சட்டம்) 60×40×2 மி.மீ. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 1.4 மீட்டருக்கு ஒன்று, ட்ரஸ் மேல் நேராக வைத்து வெல்டிங். இன்னொருவர் சி (C வடிவத் தகடு) பர்லின் போடச் சொல்கிறார். மூன்றாமவர் இசட் (Z வடிவம்) தான் நல்லது என்கிறார்.

1. இந்த பைப் தாங்குமா? கணக்கோடு சொன்னால் அவரிடம் பேச வசதியாக இருக்கும்.
2. சி, இசட் இரண்டில் எது? சி போட்டால் அதன் வாய் (திறந்த பக்கம்) முகட்டை, அதாவது கூரை உச்சியைப் பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?
3. சாக் ராட் (பர்லின்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் கம்பி) கட்டாயமா?

---

பதில்: சுமைக்கணக்கு

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: தாங்காது. கொஞ்சம் குறைகிறது என்ற அளவில் இல்லை, பல மடங்கு குறைகிறது.

சுமையிலிருந்து தொடங்குவோம். ஷீட் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ. பழுது பார்க்க ஆள் ஏறுவதற்கு, மற்றபடி ஆள் நடமாட்டம் இல்லாத கூரைகளுக்கு வழக்கமாக எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 75 கிலோ. ஆக 80. பர்லின் இடைவெளி 1.4 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 112 கிலோ வரும். பைப்பின் சொந்த எடை 3 கிலோ சேர்த்து 115.

இரு முனையும் ட்ரஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும் பர்லினுக்கு மொமென்ட் (வளைக்கும் தாக்கத்தின் அளவு) = சுமை × ஸ்பான் × ஸ்பான் ÷ 8. ஸ்பான் என்பது இரண்டு தாங்கிகளுக்கு இடையிலான தூரம். 115 × 5 × 5 ÷ 8 போட்டு அலகு மாற்றினால் சுமார் 3.5 கிலோநியூட்டன் மீட்டர்.

60×40×2 பைப்பை 60 நிற்கும்படி வைத்தால் அதன் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 6.1 கன செ.மீ. மொமென்ட்டை இதால் வகுத்தால் ஸ்ட்ரெஸ் (இரும்புக்குள் எழும் தகைவு) 570 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. இந்த வகை பைப்பின் யீல்ட் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 210 முதல் 310 வரைதான். அதாவது முழுச் சுமை வருவதற்கு வெகு முன்பே பைப் நிரந்தரமாக வளைந்துவிடும்.

தொய்வு இன்னும் மோசம். ஆள் ஏறும் சுமைக்கு மட்டும் பார்த்தால் கணக்கில் 220 மி.மீ.க்கு மேல் வருகிறது. உலோக ஷீட் கூரைக்குப் பொதுவாக ஏற்கும் அளவு ஸ்பானில் 150-ல் ஒரு பங்கு, உங்களுக்கு 33 மி.மீ. (சிமென்ட் ஷீட் போல உடையும் பொருள் என்றால் 180-ல் ஒரு பங்கு.)

இதே பைப் எதுவரை தாங்கும் என்று திருப்பிப் போட்டால், 1.4 மீட்டர் இடைவெளியில் ஸ்பான் ஏறக்குறைய 2.6 மீட்டர். அதுவும் 60 நிற்க வேண்டும். படுக்க வைத்து 40 நின்றால் விறைப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். சிறிய கார் ஷெட்டில் 8 அடிக்கு ஒரு ராஃப்டர் (சரிவுச் சட்டம்) வைத்து இந்த பைப்பைப் போடுவது வழக்கம், அங்கே அது சரி. அதே பழக்கத்தை 5 மீட்டருக்குக் கொண்டுவருவதில்தான் தப்பு நடக்கிறது. ஸ்பான் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. சுமை பைப்புக்குத் தெரியும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது 150×50×20×2 சி பர்லினை எடுங்கள் (உயரம் 150, மேல், கீழ்த் தகடுகளான ஃபிளாஞ்ச் 50, அவற்றின் மடித்த ஓரமான லிப் 20, தடிமன் 2 மி.மீ.). மீட்டருக்கு 4.4 கிலோ. பைப் 2.9 கிலோ. எடை ஒன்றரை மடங்கு, ஆனால் இனர்ஷியா (வடிவத்தால் வரும் விறைப்பின் அளவு) பத்து மடங்கு: பைப்புக்கு 18, சி-க்கு சுமார் 185 செ.மீ.⁴. காரணம் உயரம். அதே சுமைக்கு ஸ்ட்ரெஸ் 150 மெகாபாஸ்கலுக்குள், தொய்வு சுமார் 23 மி.மீ. இரண்டும் அடங்குகிறது. பர்லினில் தடிமனைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதுதான் லாபம்.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ளது கீழ்நோக்கிய சுமைக்கான கணக்கு மட்டும். காற்றின் மேல்நோக்கிய இழுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

---

பதில்: தகடுவேலை

1.4 மீட்டர் என்ற எண்ணையே முதலில் விடுங்கள். சரிவு நீளம் ஒரு பக்கம் சுமார் 6.1 மீட்டர். முகட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி முதல் பர்லின், கீழ் ஓரத்திலிருந்து 10 செ.மீ. உள்ளே கடைசி பர்லின் என்று வைத்தால் நடுவே 5.85 மீட்டர். அதை ஐந்து சம பாகமாக்கினால் 1.17 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 6 வரிசை, இரண்டு பக்கமும் 12.

அந்த 1.17-ஐ வைத்து ட்ரஸ்ஸின் மேல் சட்டத்தில் கணுக்கள் (குறுக்குச் சட்டங்கள் வந்து சேரும் இடங்கள்) விழும்படி வரையச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். பர்லின் கணுவின் மேல் உட்கார்ந்தால் சுமை ட்ரஸ் சட்டங்கள் வழியே நேராக இறங்கிவிடும். கணுவுக்கு நடுவே உட்கார்ந்தால் மேல் சட்டமே ஒரு உத்தரம் போல வளைய ஆரம்பிக்கும், அதற்காக அந்தச் சட்டம் வடிவமைக்கப்பட்டிருக்காது. ட்ரஸ்ஸை முதலில் செய்துவிட்டு பர்லினுக்குப் பிறகு இடம் தேடும் ஷெட்களில் மேல் சட்டம் அலை அலையாகத் தெரிவது இதனால்தான்.

வாய் விஷயம்: முகட்டைப் பார்க்க வேண்டும். சரிவில் நிற்கும் பர்லினின் தலை கீழ்ப்பக்கம் சாயப் பார்க்கும். வாய் மேல்பக்கம் இருந்தால் ஷீட்டின் எடை ஃபிளாஞ்ச் மீது, அதாவது வெப்புக்கு (இரண்டு ஃபிளாஞ்சையும் இணைத்து நிற்கும் தகடு) மேல்பக்கமாக இறங்குகிறது. அது பர்லினை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். வாய் கீழே பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். இசட்டுக்கும் இதே விதி: மேல் ஃபிளாஞ்ச் முகட்டை நோக்கி நீள வேண்டும்.

வாய் மேலே பார்ப்பதில் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். ஷீட்டின் அடியில் பனி கோத்துச் சொட்டும் தண்ணீரும் தூசும் கீழ் ஃபிளாஞ்சும் வெப்பும் சேரும் மூலையில் தேங்கும். அதனால் கருப்பு இரும்பில் சி செய்து பெயின்ட் அடிப்பதைவிட, துத்தநாகம் பூசிய தகட்டில் செய்ததை வாங்குங்கள்.

பர்லினை ட்ரஸ் மேல் நேராக வைத்து வெல்டிங் செய்வதை அனுமதிக்காதீர்கள். 2 மி.மீ. தகட்டில் ஆர்க் வைத்தால் ஒன்று ஓட்டை விழும், இல்லையென்றால் மேலோட்டமாக ஒட்டும். வெல்டைச் சுற்றித் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். துத்தநாகப் புகை வெல்டருக்கும் கேடு. கிளீட்டை (பர்லினை மாட்டுவதற்கான சிறு இரும்புத் துண்டு) ட்ரஸ்ஸோடு தரையிலேயே வெல்ட் செய்து பெயின்ட் அடித்துவிட்டு, மேலே பர்லினை எம்12 போல்ட்டில் மாட்டுவதே முறை.

கிளீட்டில் துளை போடும்போது பர்லினின் அடி ட்ரஸ்ஸைத் தொடாமல் 8 முதல் 10 மி.மீ. தூக்கி நிற்கும்படி வையுங்கள். சுமை போல்ட் வழியாகக் கிளீட்டுக்குப் போகும். அடி தொட்டுக்கொண்டு நின்றால் மெல்லிய வெப் அந்த ஒரே இடத்தில் நசுங்கும். நசுங்கியதைக் கீழே நின்று பார்த்தால், கீழ் ஃபிளாஞ்சுக்கு ஒட்டினாற்போல் வெப்பில் கட்டைவிரல் அழுத்திய மாதிரி ஒரு குழி தெரியும்.

எண்ணிக்கை: கிளீட் 12 × 6 = 72. நடு நான்கு ட்ரஸ்ஸில் இரண்டு சி முனைகள் சந்திப்பதால் கிளீட்டுக்கு 4 போல்ட், இரண்டு கடைசி ட்ரஸ்ஸில் 2 போல்ட். 48 × 4 + 24 × 2 = 240 போல்ட். பர்லின் நீளம் 12 × 25 = 300 மீட்டர். இரு பக்கச் சுவருக்கும் 30 செ.மீ. வெளியே நீட்டினால் 307 மீட்டர், எடை சுமார் 1,350 கிலோ.

முடிந்தால் 5 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் நீளமாக வாங்குங்கள். இரண்டு பே (ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் உள்ள இடைவெளி) ஒரே துண்டாக ஓடினால் பலமும் இரண்டு மடங்கு, இணைப்பும் குறையும்.

---

பதில்: சுமைக்கணக்கு

தகடுவேலை சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே சரி.

இரண்டு பே ஒரே துண்டாக ஓடினால் பலம் கூடாது. நடு ட்ரஸ் மேல் வரும் மொமென்ட்டும் சுமை × ஸ்பான்² ÷ 8 தான். தனித் துண்டுக்கு ஸ்பானின் நடுவில் வந்தது இங்கே தாங்கியின் மேல் வருகிறது, அளவு அதே. கூடுவது விறைப்பு மட்டும்: தொய்வு தனித் துண்டில் இருப்பதில் சுமார் 40 சதவீதமாகக் குறையும்.

கூடவே கவனிக்க வேண்டியது, நடு ட்ரஸ்ஸுக்கு ஏறும் சுமை 25 சதவீதம் கூடுகிறது, முனை ட்ரஸ்களுக்குக் குறைகிறது. எல்லா வரிசையிலும் ஒரே ட்ரஸ் மேல் துண்டின் நடு விழுந்தால் அந்த ட்ரஸ் எப்போதும் அதிகம் சுமக்கும். 10 மீட்டர் துண்டு போடுவதானால் வரிசைக்கு வரிசை இணைப்பை ஒரு ட்ரஸ் தள்ளி மாற்றிப் போடுங்கள். உங்களுக்கு 5 பே, ஒற்றைப் படை. ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு 5 மீட்டர் துண்டு வரத்தான் செய்யும். அதை ஒரு வரிசையில் இடது முனையிலும் அடுத்ததில் வலது முனையிலும் வைத்தால் சுமை பரவிவிடும்.

பலம் உண்மையாகவே கூடுவது இசட்டில். இசட்டின் இரண்டு ஃபிளாஞ்சும் அகலத்தில் சில மி.மீ. வித்தியாசமாகச் செய்யப்படும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றொன்றின் மேல் கச்சிதமாகப் படுக்கும். ட்ரஸ்ஸுக்கு இரு புறமும் ஸ்பானில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறினால், மொமென்ட் அதிகமான அதே இடத்தில் தகடு இரட்டிப்பாகிறது. இப்படி ஏறும் பகுதிதான் லாப். அதன் இரண்டு முனைகளிலும் வெப்பில் போல்ட் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் போட்டு முனையை விட்டால் அது லாப் இல்லை, வெறும் தொடுதல். சி ஒன்றுக்குள் ஒன்று இப்படிப் படுக்காது, அதே அளவு வெளிச்சுற்று என்பதால்.

5 பே உள்ள இந்த ஷெட்டுக்கு இசட் லாப் போட்டால் எடை மிச்சப்படும். ஆனால் முனை பே இரண்டிலும் மொமென்ட்டும் தொய்வும் நடு பேக்களைவிட அதிகம், அங்கே ஒரு அளவு தடிமன் கூட்டுவது வழக்கம். துளைகள் மில்லிலேயே வரைபடப்படி குத்தி வர வேண்டும். சைட்டில் கை டிரில்லில் துளைபோட்டு லாப் செய்வதானால் சி-யே நல்லது. செய்பவர் துல்லியமாகச் செய்யக்கூடிய முறை எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள்.

---

பதில்: காற்றுமுகம்

கூரை பறப்பது கீழே அழுத்தும் சுமையால் அல்ல. மெல்லிய ஷீட் கூரையில் முடிவுசெய்யும் சுமை பெரும்பாலும் மேல்நோக்கிய இழுப்புதான்.

காற்றழுத்தம் = 0.6 × வேகம்². வேகம் விநாடிக்கு 40 மீட்டர் (மணிக்கு 144 கி.மீ.) என்றால் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன், சுமார் 98 கிலோ. நிகர உறிஞ்சல் கெழு (காற்றழுத்தத்தில் எத்தனை பங்கு இழுப்பாகிறது என்ற எண்) 1 என்று வைத்தால் ஷீட், பர்லின் எடை 9 கிலோ கழித்து 89 கிலோ மேலே இழுக்கிறது. 1.17 மீட்டர் இடைவெளி, 5 மீட்டர் ஸ்பான்: ஒவ்வொரு நடு கிளீட்டையும் 520 கிலோ பிடுங்குகிறது. மூலைகளிலும் ஓரங்களிலும் முகட்டருகிலும் கெழு இதைவிட அதிகம். ஒரு பக்கம் திறந்த ஷெட் என்றால் உள்ளே புகும் காற்று அடியிலிருந்தும் தள்ளும். உங்கள் இடத்துக்குரிய வடிவமைப்பு வேகத்தைப் போட்டு இதையே மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து: கீழ்நோக்கிய சுமையில் அமுக்கம் மேல் ஃபிளாஞ்சுக்கு. அதை ஷீட்டும் ஸ்க்ரூவும் நெடுகப் பிடித்திருக்கும். காற்று மேலே இழுக்கும்போது அமுக்கம் கீழ் ஃபிளாஞ்சுக்கு மாறுகிறது. அதைப் பிடிக்க யாரும் இல்லை. 5 மீட்டர் நீளத்துக்குச் சும்மா தொங்கும் 50 மி.மீ. தகடு பக்கவாட்டில் ஒதுங்கி, பர்லின் முறுக்கிக்கொள்ளும். கணக்கில் பலம் இருந்தும் மடங்குவது இப்படித்தான்.

ஆகவே மூன்றாம் கேள்விக்கு: ஆம், கட்டாயம். 5 மீட்டர் ஸ்பானுக்கு நடுவில் ஒரு வரிசை. 6 மீட்டருக்கு மேல் போனால் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு வரிசை. 12 மி.மீ. ராட், பேக்கு ஒரு பக்கத்துக்கு 5, இரண்டு பக்கம் 10, 5 பேக்கு 50 ராட். இரு முனையிலும் மரை சேர்த்து 1.3 மீட்டராக வெட்டினால் 65 மீட்டர், சுமார் 58 கிலோ. ஒவ்வொன்றுக்கும் 4 நட்: வெப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வெளிப்பக்கம் மட்டும் நட் போட்டால் அது இழுக்கும், நிறுத்தாது. நடு பர்லின்களில் மேலிருந்து வரும் ராடும் கீழே போகும் ராடும் ஒரே துளையில் போகாது, 50 மி.மீ. தள்ளித் துளையிடுங்கள்.

ராட் இழுவிசைக்கு மட்டும்தான். கீழ் ஃபிளாஞ்ச் இரு பக்கமும் ஒதுங்காமல் இருக்க, காற்று அதிகமுள்ள இடத்தில் நடு வரிசையில் ராடுக்குப் பதில் ஆங்கிள் (L வடிவச் சட்டம்) அல்லது சி துண்டை வெப்பின் முழு உயரத்துக்கும் பிடிக்கும்படி போல்ட் செய்யுங்கள். ராட் மட்டும் என்றால் ஒன்று மேல் ஃபிளாஞ்சுக்குக் கீழேயும் அடுத்தது கீழ் ஃபிளாஞ்சுக்கு மேலேயும் மாற்றி மாற்றிப் போடலாம்.

எல்லாரும் விட்டுவிடும் இடம் முகடு. ஒவ்வொரு ராடும் தனக்குக் கீழே உள்ள பர்லின்களின் சறுக்கல் எல்லாவற்றையும் சேர்த்து மேலே கொண்டுபோகிறது, உச்சி ராடில்தான் மொத்தமும். அது முகட்டு பர்லினில் வந்து நின்றுவிட்டால் அந்த ஒரு பர்லின் மொத்தச் சறுக்கலையும் பக்கவாட்டில் சுமக்க வேண்டும், அது வில்லாகக் கீழே வளையும். இரு பக்க முகட்டு பர்லின்களையும் ராட் வரும் அதே இடத்தில் ஒரு துண்டால் இணைத்தால் இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். பேக்கு ஒன்று, 5 துண்டு. அவ்வளவு சின்னப் பொருள். ஒரு பக்கச் சரிவு ஷெட்டாக இருந்தால் எதிர்ப்பக்கம் கிடையாது. அங்கே உச்சி இடைவெளியில் ராடைக் குறுக்காக ட்ரஸ்ஸுக்கே இழுத்துக் கட்ட வேண்டும்.

---

கேட்டவர்: சரிவுக்கூரை

மிக்க நன்றி. பைப்பைக் கைவிட்டு 150 சி, கிளீட், நடு வரிசை சாக் ராட் என்று முடிவாகிறது. இன்னும் இரண்டு: பர்லினில் மின்விசிறி, விளக்கு தொங்கவிடலாமா? சாக் ராட் முறுக்குவதற்கு ஒழுங்கு உண்டா?

---

பதில்: தகடுவேலை

10 மீட்டர் துண்டு பற்றிய திருத்தம் சரிதான், நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

தொங்கவிடுவது: லிப்பிலோ கீழ் ஃபிளாஞ்சிலோ கிளாம்ப் மாட்டாதீர்கள். ஃபிளாஞ்ச் மெல்லத் திறந்துகொள்ளும், மின்விசிறி ஆட ஆட லிப்பின் வளைவில் விரிசல் விடும். வெப்பின் நடு உயரத்தில் துளையிட்டு போல்ட்டில் தொங்கவிடுங்கள், கிளீட்டுக்கு எவ்வளவு அருகோ அவ்வளவு நல்லது. விளக்குக்கு இது போதும். பெரிய விசிறி என்றால் பர்லினே வேண்டாம், இரண்டு ட்ரஸ்ஸின் கீழ்ச் சட்டத்துக்கு இடையே தனிச் சட்டம் போட்டு அதில் மாட்டுங்கள், அந்த எடையை ட்ரஸ் கணக்கிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முறுக்கும் ஒழுங்கு: முகட்டு இணைப்பு முதலில். பிறகு முகட்டு பர்லினுக்கு இரு கோடி ட்ரஸ்ஸுக்கு இடையே நூல் கட்டி, நூலுக்கு நேராகும்வரை ராடை முறுக்கி இரு பக்க நட்டையும் பூட்டுங்கள். அடுத்து அதற்குக் கீழே உள்ளது. மேலிருந்து கீழே வர வேண்டும். கீழிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறுக்கும் மேலே உள்ளதைக் கீழே இழுக்கும், கடைசியில் எந்த பர்லினும் நேராக இருக்காது. ஷீட் ஏற்றுபவர் நேர்கோட்டில்தான் ஸ்க்ரூ அடிப்பார். பர்லின் 30 மி.மீ. வில்லாக இருந்தால் 50 மி.மீ. ஃபிளாஞ்சைத் தாண்டி ஸ்க்ரூ வெறும் காற்றில் இறங்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பர்லினுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ முனை பளபளவென்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி துளையை அடைக்காமல் விட்டால் ஒழுகும், விட்டுவைத்தால் அந்த இடத்தில் பிடிப்பே இல்லை.

ராட் முழுவதும் முறுக்கி முடியும்வரை பர்லின் மேல் யாரும் நடக்கக் கூடாது. ஷீட் பிடிக்காத சி பர்லின் காலடியில் திரும்பிவிடும்.

---

பதில்: காற்றுமுகம்

ஸ்க்ரூ பற்றிக் கொஞ்சம். 5.5 மி.மீ. செல்ஃப் டிரில்லிங், ரப்பர் வாஷரோடு. கீழ் ஓர பர்லின், முகட்டு பர்லின், பக்கச் சுவர் ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. நடு பர்லின்களில் ஒன்றுவிட்டு ஒன்று. வாஷர் உலோக மூடியின் ஓரத்துக்குச் சமமாகப் பரவினால் அளவு சரி. மூடி குழிந்து ரப்பர் பிதுங்கினால் அதிகம், ரப்பர் வெயிலில் வெடித்து ஒழுகும். அன்றன்று துளையிட்ட இரும்புத் துருவலை மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள். ஓர் இரவுப் பனியிலேயே அது துருப்பிடித்து ஷீட்டின் பெயின்ட்டில் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது.